பட்டம் பெறாதவர் பட்டம் கொடுத்தார்!

1906-ம் ஆண்டு மார்ச் மாதம்.

அமெரிக்காவில் அயோவா என்று ஒரு மாநிலம். அங்கே மிசிசிப்பி ஆற்றங்கரையில் டேவன்போர்ட் நகரம் இருக்கிறது. அந்த நகரத்துக் கோர்ட்டில் ஒரு வழக்கு நடந்தது.

குற்றம் சாட்டப்பட்டவர் திருடர் அல்ல. கொலைகாரரும் அல்ல. 61 வயதுப் பெரியவர். குட்டையான, உறுதியான உடம்பு. முகம் நிறையத் தாடி. ஊரில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. டாக்டர் என்றே எல்லோரும் அவரை அழைத்தார்கள்.

அவர் செய்த குற்றம் என்ன?

லைசென்சு இல்லாமல் வைத்தியம் செய்தார். அதுதான் குற்றம்.

அவர் 350 டாலர் அபராதம் கட்டவேண்டும். கட்டாவிட்டால் 105 நாள் ஜெயிலில் இருக்கவேண்டும் என்று தீர்ப்பு ஆயிற்று. அவரிடம் பணம் இல்லாமல் இல்லை. சொந்தத்தில் ஒரு வைத்தியசாலையும், ஒரு பள்ளிக்கூடமும் வைத்து நடத்தியவர் அவர். இருந்தாலும் அபராதம் கட்ட மறுத்துவிட்டார். கொள்கைக்காக ஜெயிலுக்குப் போகிறேன் என்று புறப்பட்டுவிட்டார்.

அவர் பெயர் டேனியல் டேவிட் பால்மர். கைரோபிராக்டிக் என்ற வைத்திய முறையைக் கண்டுபிடித்தவர் அவர்தான். மருந்து கிடையாது, கத்தி கிடையாது. முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்வதே அந்த வைத்தியம். நம் ஊரில் சுளுக்கு எடுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவர் சுளுக்கை எடுப்பதோடு நின்றுவிடுவார். பால்மர் அப்படி நிற்கவில்லை. எல்லா நோய்க்கும் முதுகெலும்புதான் மூலம் என்று சொல்லிவிட்டார்!

இன்று பெரியவர்களுக்கு மட்டும் அல்ல, கர்ப்பிணிகளுக்கும், கைக்குழந்தைகளுக்கும்கூட இந்த வைத்தியம் செய்கிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அதற்கென்று தனியாகப் படித்து, தனிப் பட்டமும் வாங்குகிறார்கள். இதை எல்லாம் தொடங்கி வைத்த மனிதருக்கோ எந்தக் கல்லூரியும் பட்டம் கொடுத்தது இல்லை.

அவர் கதையைக் கேளுங்கள்.

கால்நடையாக வந்த வாலிபன்

பால்மர் பிறந்தது கனடாவில். டொராண்டோ நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள பிக்கரிங் என்ற ஊரில், 1845-ம் ஆண்டு மார்ச் மாதம் 7-ந் தேதி பிறந்தார். தகப்பனார் செருப்புத் தைத்தார். பிறகு மளிகைக்கடை வைத்தார். கடை நொடித்துப் போயிற்று. பெற்றோர் பிழைப்புத் தேடி அமெரிக்கா போனார்கள். பால்மரும் தம்பி தாமசும் கனடாவிலேயே தங்கி, ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். படிப்பு சிறு வயதோடு நின்றது.

1865-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அண்ணனும் தம்பியும் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். கையில் ஒரு பை. மடியில் இரண்டு டாலர். நாள் கணக்கில் நடந்தார்கள். அந்த ஏப்ரலில்தான் அமெரிக்காவின் உள்நாட்டுப் போர் ஓய்ந்தது. அதே மாதத்தில்தான் ஆப்ரகாம் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே கலங்கிக் கிடந்த நேரத்தில், இந்த இரண்டு பிள்ளைகளும் புழுதியில் நடந்து வந்து சேர்ந்தார்கள்.

அயோவா மாநிலத்தில் பால்மர் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். அதிகம் படிக்காதவர் வாத்தியாரா என்று கேட்கலாம். அந்தக் காலத்து அமெரிக்கக் கிராமத்தில் அது அதிசயம் அல்ல. மேலும் பால்மர் கையில் கிடைத்த புத்தகத்தை எல்லாம் படிக்கிறவர். பள்ளிக்கூடம் விட்டாலும் படிப்பை விடவில்லை.

பிறகு பக்கத்து மாநிலமான இல்லினாய்சில், நியூ பாஸ்டன் என்ற ஊரில் கொஞ்சம் நிலம் வாங்கினார். பழத்தோட்டம் போட்டார். ராஸ்பெர்ரிப் பழத்தில் ஒரு புது ரகத்தை உண்டாக்கி, அதற்குத் தன் தோட்டத்தின் பெயரையே வைத்தார். இனிய இல்லம் என்பது அந்தப் பெயருக்கு அர்த்தம். தேனீக்களும் வளர்த்தார். ஒரு கடுங்குளிர் காலத்தில் தேனீக்கள் மடிந்தன. தோட்டத்தை விற்றார்.

அடுத்து மளிகைக்கடை. அதோடு தங்கமீன் வியாபாரம். இப்படியே வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

காந்த வைத்தியர்

அந்த நாளில் அமெரிக்காவில் காந்த வைத்தியம் என்று ஒன்று பரவியிருந்தது. வைத்தியர் நோயாளியின் உடம்பில் கையை வைப்பார். வைத்தியரிடம் உள்ள ஒரு சக்தி நோயாளிக்குள் பாயும். நோய் போய்விடும் என்று நம்பினார்கள்.

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அன்றைய டாக்டர்கள் பலர் கொடுத்த மருந்தில் பாதரசம் இருந்தது. பேதி மருந்து, வாந்தி மருந்து என்று கொடுத்து நோயாளியைச் சக்கையாக்கிவிடுவார்கள். கையை மட்டும் வைத்து, வேறு ஒன்றும் செய்யாத வைத்தியரிடம் போனவர் அந்த மருந்துகளில் இருந்தாவது தப்பினார்!

1886-ம் ஆண்டு பால்மர் காந்த வைத்தியர் ஆனார். அடுத்த ஆண்டு டேவன்போர்ட் நகரத்துக்கு வந்து, ஒரு பெரிய கட்டடத்தின் மாடியில் வைத்தியசாலை திறந்தார். கூட்டம் சேர்ந்தது. பணமும் சேர்ந்தது. மாடி முழுவதையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டார்.

ஆனால் பால்மருக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒரே சாப்பாடு சாப்பிடுகிறார்கள். ஒருவருக்கு நோய் வருகிறது; மற்றவருக்கு வருவது இல்லை. ஏன்? இந்தக் கேள்வியை அவர் விடவே இல்லை. கேள்வி நல்ல கேள்விதான். அவர் கண்ட விடைதான் தகராறுக்கு இடமாயிற்று.

காது கேட்டது!

அவருடைய வைத்தியசாலை இருந்த கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் வேலையில் ஒருவர் இருந்தார். ஹார்வி லில்லார்டு என்று பெயர். கறுப்பர் இனத்தவர். அவருக்குப் 17 ஆண்டுகளாகக் காது கேட்காது. தெருவில் வண்டி போகும் சத்தம்கூடக் கேட்காது.

பால்மர் அவரை விசாரித்தார். ஒருநாள் குனிந்து நெளிந்து வேலை செய்தபோது முதுகில் ஏதோ விலகியது போல் இருந்ததாம். அன்று போன காது திரும்பவில்லையாம். பால்மர் அவர் முதுகைத் தடவிப் பார்த்தார். ஓர் இடத்தில் எலும்பு புடைத்துக்கொண்டு நின்றது. அதைக் கையால் அழுத்தித் தள்ளினார். லில்லார்டுக்குக் காது கேட்கத் தொடங்கிற்று.

இது பால்மர் சொன்ன கதை. நடந்த தேதி 1895-ம் ஆண்டு செப்டம்பர் 18 என்றும் அவர் குறித்திருக்கிறார். உலகம் முழுவதும் கைரோபிராக்டிக் வைத்தியர்கள் அந்தத் தேதியைத்தான் தங்கள் தொழிலின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

லில்லார்டின் மகள் பிற்காலத்தில் வேறு மாதிரி சொன்னார். தன் தகப்பனார் ஒரு சிநேகிதருடன் வேடிக்கையாகப் பேசிக்கொண்டு இருந்தபோது, பால்மர் சிரித்துக்கொண்டே வந்து முதுகில் ஒரு புத்தகத்தால் தட்டினார். சில நாள் கழித்து, காது கொஞ்சம் தெளிவாகக் கேட்பது தெரிந்தது என்றார் அவர். லில்லார்டு கொடுத்த நற்சாட்சியோ 1897-ம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. அதன்படி பார்த்தால் சிகிச்சை 1896-ம் ஆண்டு ஜனவரியில் நடந்திருக்கவேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. காதில் இருந்து மூளைக்குப் போகும் நரம்பு மண்டை ஓட்டுக்குள்ளேயே போய்விடுகிறது. முதுகுப் பக்கம் அது வருவதே இல்லை. அப்படியானால் முதுகைத் தள்ளியதும் காது எப்படிக் கேட்டது? டாக்டர்கள் அன்று கேட்ட கேள்வி இது.

பால்மர் கலங்கவில்லை. அடுத்து இருதயக் கோளாறு உள்ள ஒருவர் வந்தார். அவர் முதுகிலும் ஒரு எலும்பு விலகி இருப்பதாகக் கண்டு அழுத்தினார். அவருக்கும் குணம் தெரிந்ததாம். போதும் என்று முடிவு கட்டிவிட்டார்.

நமது முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. சிறு சிறு கணுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது போல் இருக்கிறது. கழுத்தில் 7 கணு, மார்புக்குப் பின்னால் 12 கணு, அதற்குக் கீழே இடுப்பில் 5 கணு. ஆக 24 கணுக்கள் அசையும். கணுக்களுக்கு இடையே நரம்புகள் வெளியே வருகின்றன. கணு கொஞ்சம் விலகினாலும் நரம்பு நெருக்குண்டு நோய் வருகிறது என்பது பால்மர் சித்தாந்தம். நூற்றுக்கு 95 நோய்க்குக் காரணம் இதுதான் என்று கணக்கும் சொன்னார்! அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? எந்த ஆராய்ச்சியில் இருந்தும் வரவில்லை. அவர் வாயில் இருந்துதான் வந்தது.

அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு பாதிரியார் கிரேக்க மொழி தெரிந்தவர். கை, செய்தல் என்ற பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, அவர்தான் கைரோபிராக்டிக் என்று பெயர் வைத்துக் கொடுத்தார்.

தகப்பன் கொடுத்த பட்டம்

1896-ம் ஆண்டு பால்மர் ஒரு பள்ளியைப் பதிவு செய்தார். மாணவர்கள் கூட்டமாக வந்துவிடவில்லை. 1902 வரை படித்து முடித்தவர்கள் சுமார் 15 பேர்தான். அவர்களில் சிலர் முன்பே டாக்டர் பட்டம் பெற்றவர்கள் என்பது ஆச்சரியம். பட்டம் பெற்ற டாக்டர்கள், பட்டம் பெறாத ஒருவர் முன் மாணவராக உட்கார்ந்து, அவரிடம் பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள்!

சில மாதப் படிப்புதான். நுழைவுப் பரீட்சை கிடையாது. சர்க்கார் பரீட்சையும் கிடையாது. பால்மர் கையெழுத்துதான் எல்லாம்.

1902-ம் ஆண்டு ஜனவரியில் நாலு பேர் பட்டம் பெற்றார்கள். அதில் ஒருவர் பால்மரின் மகன் பார்ட்லெட் ஜோசுவா. பி.ஜே. என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். இருபது வயது அளவுள்ள இளைஞர். அதே ஆண்டில் பால்மர் மேற்குக் கரைக்குப் போய்விட்டார். பள்ளியும், கடனும் மகன் தலையில் விழுந்தன.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். ஊரார் பிள்ளைகளின் முதுகை நிமிர்த்திய பால்மர், சொந்தப் பிள்ளைகளிடம் அன்பாக நடந்துகொள்ளவில்லை. பி.ஜே.யின் தாய் அவர் குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். அதற்குப் பிறகு சிற்றன்னைமார் வந்தார்கள். தகப்பனார் எங்களை வார்ப்பட்டையால் அடிப்பார் என்று பி.ஜே. பிற்காலத்தில் எழுதினார். தாயில்லாப் பிள்ளைகள் அந்த வீட்டில் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தாலே மனம் கனக்கிறது. அந்த வீட்டில் இருந்து பிறந்த வைத்தியத்தில், குழந்தைகளுக்கென்று தனிப் பட்டப்படிப்பு பின்னால் வந்தது!

படிப்பின் அருமையை அந்தக் குடும்பத்தில் முதலில் உணர்ந்தவர் ஒரு பெண். பி.ஜே. 1904-ம் ஆண்டு மேபல் என்ற பெண்ணை மணந்தார். அவரும் மாமனார் பள்ளியில் படித்துப் பட்டம் பெற்றார். அது போதாது என்று சிகாகோ நகரம் போய் மனித உடற்கூறு படித்தார். திரும்பி வந்து, பள்ளியில் உடற்கூறு ஆசிரியையாகப் பல ஆண்டுகள் இருந்தார். 1918-ல் அந்தப் பாடத்துக்கு ஒரு புத்தகமும் எழுதினார். எலும்பைத் தள்ளுவதற்கு முன்னால் எலும்பு எங்கே இருக்கிறது என்று ஒழுங்காகத் தெரிந்துகொள்ளவேண்டும் அல்லவா?

குழந்தை வைத்தியத்துக்குப் பட்டம்

பால்மர் காலத்தில் சில மாதம் படித்தால் போதும். இன்று அப்படி அல்ல.

அமெரிக்காவில் கைரோபிராக்டர் ஆகவேண்டுமானால், கல்லூரியில் அடிப்படைப் படிப்பை முடித்துவிட்டுச் சுமார் நாலு ஆண்டு இதற்கென்று படிக்கவேண்டும். குறைந்தது 4,200 மணி நேரம் பயிற்சி. உடற்கூறு, ரசாயனம், நோய்க்குறி, எக்ஸ்ரே எல்லாம் பாடம். நாடு முழுவதற்குமான பரீட்சையில் பல கட்டங்கள் தேறவேண்டும். அதன் பிறகு அந்தந்த மாநிலத்தில் லைசென்சு வாங்கவேண்டும்.

குழந்தைகளையும், கர்ப்பிணிகளையும் முக்கியமாகக் கவனிக்க விரும்புகிறவர் இதற்கும் மேலே படிக்கிறார். தொழில் நடத்திக்கொண்டே வார இறுதி வகுப்புகளுக்குப் போகவேண்டும். சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு போயிற்று! சில ஆண்டுகள் இப்படிப் படித்து, கடைசியில் பரீட்சை எழுதினால் மேல் பட்டம் கிடைக்கும். 1986-ம் ஆண்டு லாரி வெப்ஸ்டர் என்ற கைரோபிராக்டர் குழந்தை வைத்தியத்துக்கென்று ஒரு சர்வதேச சங்கம் தொடங்கினார். அந்தச் சங்கம் ஒரு பட்டம் கொடுக்கிறது. வேறு ஒரு சங்கமும் தனியாகப் பட்டம் கொடுக்கிறது.

இதில் ஒரு வித்தியாசத்தைத் தாய்மார்கள் கவனிக்கவேண்டும். லைசென்சைக் கொடுப்பது சர்க்கார். இந்த மேல் பட்டத்தைக் கொடுப்பது தொழில் சங்கங்கள். பட்டம் பெற்றவர் மருத்துவக் கல்லூரியில் படித்த குழந்தை டாக்டர் ஆகிவிடமாட்டார். இரண்டும் வேறு வேறு.

குழந்தையின் உடம்பு பெரியவர் உடம்பைச் சின்னதாகச் செய்தது அல்ல. பிறந்த குழந்தையின் உடம்பு நீளத்தில் கால் பங்கு தலை. அந்தத் தலையைத் தாங்கும் பலம் கழுத்துக்குக் கிடையாது. முதுகுக் கணுக்கள் பல இடங்களில் இன்னும் எலும்பாக முற்றாமல் குருத்தெலும்பாகவே இருக்கும். பெரியவர் முதுகில் கொடுக்கும் அழுத்தத்தைக் குழந்தையிடம் கொடுத்தால் என்ன ஆகும்? ஆகையால் விரல் நுனியால் மெல்லத் தொடும் முறைகளையே இந்தப் படிப்பில் கற்றுக்கொடுக்கிறார்கள். எந்த நோய் தன் கைக்கு அப்பாற்பட்டது, எந்தக் குழந்தையை உடனே டாக்டரிடம் அனுப்பவேண்டும் என்பதும் பாடம்தான். படிப்பிலேயே பெரிய படிப்பு அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, இந்தச் சிகிச்சையால் குழந்தைக்கு நோய் தீருகிறதா?

சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடாவில் ஆஸ்துமா உள்ள குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உண்மையான கைரோபிராக்டிக் சிகிச்சை. மற்றதற்கு அதுபோல் பாவனை. எல்லோருக்கும் வழக்கமான மருந்தும் உண்டு. 1998-ம் ஆண்டு முடிவு வெளிவந்தது. சிகிச்சையால் கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை. காரணம் தெரியாமல் விடாமல் அழும் கைக்குழந்தைகளை நார்வே நாட்டில் சோதித்தார்கள். அதன் முடிவு 2001-ல் வந்தது. அதிலும், சிகிச்சை பெற்ற குழந்தைக்கும், சும்மா மடியில் வைத்திருந்த குழந்தைக்கும் வித்தியாசம் காணவில்லை. 2019-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் ஒரு விசாரணை நடத்தியது. பெரிய தீங்குக்கும் சான்று அதிகம் இல்லை. நன்மைக்கும் உறுதியான சான்று இல்லை என்று அறிக்கை சொல்லிற்று. பெரியவர்களின் முதுகுவலிக்கு ஓரளவு நிவாரணம் கிடைப்பது மெய்தான். குழந்தைகளின் நோய்க்கு அப்படிச் சொல்ல இடம் இல்லை. நீண்ட நாள் படித்து வாங்கிய பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தக் கேள்விக்கு அவர்கள் இன்னும் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

தகப்பனும் மகனும்

பால்மர் கதைக்கு வருவோம். ஜெயிலில் அவரை விட்டுவிட்டு வந்துவிட்டோம்!

மேற்குக் கரைக்குப் போன பால்மர் 1904-ல் டேவன்போர்ட்டுக்குத் திரும்பி, மகனோடு சேர்ந்து பள்ளியை நடத்தினார். இரண்டு ஆண்டில் வழக்கு வந்தது. ஜெயிலுக்குப் போனார். 105 நாளும் இருந்தாரா என்றால், இல்லை. 23-வது நாள் அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்துவிட்டார். அவரைக் கொண்டாடுகிறவர்கள் ஜெயிலுக்குப் போனதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். வெளியே வந்ததைச் சொல்லமாட்டார்கள். 61 வயதில் 23 நாள் என்பதும் சின்னது அல்ல.

வெளியே வந்தவருக்கு வேறு ஒரு இடி காத்திருந்தது. மகனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. பள்ளி யாருக்கு என்ற பேச்சு வந்தது. மத்தியஸ்தர்கள் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். தகப்பனாருக்கு 2,196 டாலர் 79 சென்ட் பணமும், கொஞ்சம் புத்தகங்களும், அவர் சேர்த்து வைத்த எலும்புகளில் ஒரு பகுதியும் கிடைத்தன. பள்ளி மகனுக்குப் போயிற்று.

பால்மர் ஓக்லஹாமா பகுதிக்குப் போனார். அங்கே என்ன செய்தார் தெரியுமா? மறுபடியும் மளிகைக்கடை வைத்தார்! ஒரு புது வைத்தியத்தையே தோற்றுவித்தவர், தராசைப் பிடித்துக்கொண்டு கடையில் நின்றார்.

ஆனால் கை சும்மா இருக்குமா? விரைவில் ஒரு டாக்டருடன் கூட்டுச் சேர்ந்து ஒரு பள்ளி தொடங்கினார். ஒத்துப்போகவில்லை, விலகினார். ஒரிகான் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரத்துக்குப் போய் 1908-ல் இன்னொரு பள்ளி தொடங்கினார். அதுவும் நீடிக்கவில்லை. யாரோடும் ஒத்துப்போக முடியாத சுபாவம் அவருக்கு. தன் கண்டுபிடிப்பை எல்லோரும் திருடுகிறார்கள் என்ற எண்ணம் எப்போதும் இருந்தது. அவரையும் பிறர் அப்படிச் சொன்னார்கள். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1892-லேயே மிசௌரி மாநிலத்தில் எலும்பைச் சரிசெய்யும் ஆஸ்டியோபதிப் பள்ளி தொடங்கிவிட்டார். அங்கே இருந்துதான் பால்மர் எடுத்துக்கொண்டார் என்று அந்தக் கட்சியார் பேசினார்கள்.

இதற்கு இடையில் 1907-ம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு முக்கியமான வழக்கு நடந்தது. மொரிகுபோ என்ற ஜப்பானியர் பால்மர் பள்ளியில் பட்டம் பெற்றவர். லைசென்சு இல்லாமல் ஆஸ்டியோபதி வைத்தியம் செய்தார் என்று அவர்மேல் வழக்கு. டாம் மோரிஸ் என்ற வக்கீல் ஆஜரானார். இவர் செய்வது வைத்தியமும் அல்ல, ஆஸ்டியோபதியும் அல்ல. தனியான தத்துவம் உள்ள தனித் தொழில் என்று வாதாடினார். மொரிகுபோ விடுதலை ஆனார். அன்று முதல் கைரோபிராக்டர்கள் அந்த வாதத்தையே கவசமாக மாட்டிக்கொண்டார்கள். கவசம் எல்லா ஊரிலும் பலிக்கவில்லை. பல்லாண்டுக் காலம் அவர்கள் கோர்ட்டுக்கும் ஜெயிலுக்கும் நடந்தார்கள்.

1910-ம் ஆண்டு பால்மர் ஒரு புத்தகம் வெளியிட்டார். சுமார் ஆயிரம் பக்கம். தன் சித்தாந்தத்தை எல்லாம் அதில் கொட்டினார். மகனையும், பழைய மாணவர்களையும் பக்கத்துக்குப் பக்கம் திட்டித் தீர்த்தார். ஐம்பது ஆண்டுக்கு முன் இறந்துபோன ஒரு டாக்டரின் ஆவிதான் தனக்கு இந்த அறிவைத் தந்தது என்றும் எழுதினார்!

அதே 1910-ல் வேறு ஒரு புத்தகமும் வெளிவந்தது. ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 மருத்துவப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கை அது. ஆய்வுக்கூடம் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, படித்தவர் யார் படிக்காதவர் யார் என்ற கணக்கு இல்லை என்று அவர் தோலுரித்துக் காட்டினார். பல மருத்துவப் பள்ளிகள் மூடப்பட்டன. பெயருக்குப் பட்டம் கொடுத்த குற்றம் பால்மர் பள்ளியோடு போகவில்லை. மருந்து கொடுக்கும் டாக்டர்களின் பள்ளிகளிலும் அது நிறைய இருந்தது. அவர்கள் முந்திக்கொண்டு திருத்திக்கொண்டார்கள். கைரோபிராக்டர்களுக்கு அதற்கு இன்னும் அறுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1974-ல்தான் அவர்களுடைய கல்லூரிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் குழுவை அமெரிக்க சர்க்கார் அங்கீகரித்தது.

கடைசி ஊர்வலம்

1913-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். டேவன்போர்ட் பள்ளியில் பழைய மாணவர்கள் கூடும் விழா. பெரிய ஊர்வலம் ஏற்பாடு ஆகியிருந்தது. பால்மரும் வந்திருந்தார். வயது 68. ஊர்வலத்துக்கு முன்னால் தானே நடந்து போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பள்ளிக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். பெரியவர் கேட்கவில்லை.

அப்போது மோட்டாரில் வந்த மகன் தகப்பனார்மேல் இடித்துவிட்டார் என்று ஒரு புகார் கிளம்பிற்று. இடிக்கவே இல்லை என்று மகன் கட்சியார் மறுத்தார்கள்.

பால்மர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் போனார். அக்டோபர் மாதம் 20-ந் தேதி காலமானார். டைபாய்டு காய்ச்சல் என்று மரணச் சான்றில் எழுதினார்கள். அவர் சொத்துப் பொறுப்பாளர்கள் மகன்மேல் வழக்குத் தொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நிற்கவில்லை.

மகன் பி.ஜே. 1961 வரை வாழ்ந்தார். பள்ளியைப் பெரிய கல்லூரி ஆக்கினார். 1922-ல் ரேடியோ நிலையமும் நடத்தத் தொடங்கினார். பின்னால் ஜனாதிபதி ஆன ரொனால்டு ரீகன் வாலிபத்தில் அந்த ரேடியோவில்தான் விளையாட்டு வர்ணனை வேலைக்குச் சேர்ந்தார்.

பால்மர் இறந்த அதே 1913-ம் ஆண்டு மார்ச் மாதம் கன்சாஸ் மாநிலம் கைரோபிராக்டர்களுக்கு லைசென்சு கொடுக்க ஒரு சட்டம் செய்தது. அமெரிக்காவிலேயே அதுதான் முதல் சட்டம். ஆனால் கையில் லைசென்சை முதலில் கொடுத்தது ஆர்க்கன்சாஸ் மாநிலம், அது 1915-ல். அவர் கண்மூடிய கலிபோர்னியாவில் சட்டம் வந்தது 1922-ல். எல்லோருக்கும் கடைசியாக லூசியானா மாநிலம் 1974-ல் சட்டம் செய்தது.

முதல் லைசென்சு அச்சாகி வந்தபோது பால்மர் இறந்து இரண்டு ஆண்டு ஆகிவிட்டது.